கழித்து எழுதிய வலி

அந்த வருடம் திருநெல்வேலியில் ஜெஸ்லின் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. நோய் நொடி எதுவும் கிடையாது. அவள் தேடியது வேலை. அதுவும் நர்ஸ் வேலையோ கணக்கு வேலையோ இல்லை, வலி எழுத்தர் வேலை.

மருத்துவக் கல்லூரியில் சேர மதிப்பெண் மட்டும் போதாது, நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வலியை எழுதிய மணிநேரமும் வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து, டாக்டர் கனவு காண்கிற பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் அலைந்தார்கள். சட்டத்தின் நோக்கம் உத்தமமானது. வலி என்றால் என்னவென்று தெரிந்த பிறகு டாக்டர் ஆகட்டும் என்று நினைத்தார்கள். ஆனால் வேலை கொடுக்க வேண்டியவர்களுக்கு அந்த அவசரம் எதுவும் இருக்கவில்லை. ஓரிடத்தில் போன வாரமே ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். இன்னோரிடத்தில் யார் சிபாரிசு என்றார்கள். ஜங்ஷன் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பசங்களத்தான்மா எடுக்கோம்" என்றார்கள். ஏன் என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். வீட்டில் அவளுடைய அம்மா இரவு ஜெபத்தில் ஆஸ்பத்திரிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். கர்த்தருக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

கடைசியில் கதவைத் திறந்தவர் வண்ணார்பேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்திய டாக்டர் உமையொருபாகன். தலை நரைத்த, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூக்குக் கண்ணாடி வைத்திருக்கிற, இரண்டையும் தேடிக்கொண்டே இருக்கிற மனிதர்.

மேஜைமேல் கிடந்த சாம்பல் நிறப் பட்டையைக் காட்டி, "இது என்னன்னு சொல்லு பார்ப்போம்" என்றார்.

"வலிப்பட்டை சார். நோயாளி கையில ஒண்ணு, எழுத்தர் கையில ஒண்ணு. அவங்களுக்கு எங்க வலிக்கோ அங்கயே நமக்கும் கொஞ்சமா வலிக்கும்."

"நான் பேசுறது, நோயாளி பேசுறது எல்லாத்தையும் மிஷினே எழுதிருது. அது வலியையும் எழுதிட்டுப் போகட்டுமே. நீ எதுக்கு?"

ஜெஸ்லின் இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். வழிநெடுக மனப்பாடம் செய்த பதில். அந்த நேரம் பார்த்து அது காணாமல் போனது.

"வலி இருக்கா இல்லையான்னுதான் சார் மிஷினுக்குத் தெரியும். எப்படி வலிக்குன்னு அதுக்குத் தெரியாதுல்லா."

டாக்டர் எழுந்து வந்தார். பட்டையை அவள் மணிக்கட்டில் மாட்டிவிட்டார். திரைக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். சிறிது நேரத்தில் ஜெஸ்லினின் கால்களில் என்னவோ ஏறியது.

"வலி இல்ல சார் இது. கடுப்பு. கெண்டைக்கால்ல இருந்து கீழ இறங்குது. பாதத்துல எரிச்சல். ரொம்ப நேரம் நின்ன கால்."

திரையை விலக்கினார். ஆஸ்பத்திரி செக்யூரிட்டி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "உனக்கு முன்னால வந்தவங்க எல்லாரும் 'மிதமான வலி'ன்னு எழுதிட்டுப் போனாங்க" என்றார் டாக்டர். "திங்கக்கிழமை வந்துரு."

அன்றைக்கு அவள் அம்மா போனிலேயே அழுதாள். ஜெஸ்லினும் பஸ் ஸ்டாப்பில் நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்கப் பார்க்க அழுதாள்.

வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. குத்தலும் குடைச்சலும் ஒன்றில்லை, விண்விண்ணென்று தெறிப்பது வேறு, சுருக்கென்று பிடிப்பது வேறு என்பதை உடம்பால் கற்றாள். இந்தப் பதிவுக்கு மதிப்பும் இருந்தது. வாயால் சொன்னால் பொய்யாக இருக்கலாம், பட்டை பொய் சொல்லாது என்று காப்பீட்டுக்காரர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். வலிப்பதிவில் இருந்தால்தான் ஸ்கேன், பதிவில் இல்லாத வலி ஊரில் இல்லாத வலி. நோயாளி வாயைத் திறந்து சொல்வதற்கு அந்தப் பதிவில் இடமே விடவில்லை. நோயாளிகளும் சொல்வதை மெல்ல மெல்ல நிறுத்திவிட்டார்கள். கையை நீட்டிவிட்டு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. எழுத்தருக்குச் சொந்த வலி இருக்கக் கூடாது. காலையில் வந்ததும் 'இன்று எனக்கு எந்த வலியும் இல்லை' என்று கைரேகை வைக்க வேண்டும். தலைவலி, பல்வலி என்றால் அன்றைக்குப் பட்டை கிடையாது. எது தன் வலி, எது அடுத்தவர் வலி என்று உடம்புக்குப் பிரிக்கத் தெரியாது. எல்லாம் ஒன்றாகத்தான் வலிக்கும்.

பெரிய ஆஸ்பத்திரியில் பையன்களை மட்டும் ஏன் எடுத்தார்கள் என்று முதல் மாதத்திலேயே ஜெஸ்லினுக்குப் புரிந்தது. மாதவிலக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கூட வேலை பார்த்த பையன்கள் அவளைத் தாண்டிப் போய் மணிநேரத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் இப்படிப் போனால் மெடிக்கல் சீட்டுக்கு வேண்டிய மணிநேரம் அவளுக்குச் சேரவே சேராது. சட்டம் போட்ட பெரிய மனிதர்களுக்கு இது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாயால் சொல்லக் கூச்சப்பட்டிருப்பார்கள்.

வழி சொன்னவள் அவளுக்கு மூத்த எழுத்தரான ஃபர்ஹானா. மேலப்பாளையத்துக்காரி, வாய் துடுக்கு, கை தாராளம். டிபன் பாக்ஸைத் திறந்தால் பாதி அடுத்தவர்களுக்குத்தான்.

"ஏட்டி, உன் வயித்துவலி உனக்குத் தெரியாதா? வருஷக்கணக்கா உன்கூடயே கிடக்குல்லா? ரேகையை வச்சிட்டுப் பட்டையை மாட்டு. வாற வலில உன்னோடதைக் கழி. மிச்சத்தை எழுது."

"தப்பில்லையாக்கா?"

"நாங்க எல்லாரும் கழிச்சுத்தான்டி எழுதுதோம். இல்லன்னா எவளும் டாக்டர் ஆகமுடியாது."

அப்படித்தான் ஜெஸ்லினும் கழித்து எழுதப் பழகினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

முப்பிடாதி வந்தது ஒரு மழைநாளில். நாற்பது வயதைத் தொடுகிற பெண், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கிப் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றியே முழங்கால் போய்விட்டது. கையை நீட்டிப் பட்டையை மாட்டிக்கொள்ளும்போது ஜெஸ்லினை உற்றுப் பார்த்தாள்.

"எனக்கு வலிச்சா உனக்கும் வலிக்குமாமே, நெசமா?"

"கொஞ்சமாத்தான் வலிக்கும்க்கா. பழகிருச்சு."

"எவ்வளவு படிச்ச பிள்ளைக. உங்களுக்கு ஏன் இந்தத் தலையெழுத்து" என்று முப்பிடாதி நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

முழங்கால் வலி வந்தது. எலும்போடு எலும்பு உரசுகிற நறநறப்பு. ஜெஸ்லின் எழுதினாள். அதோடு அடிவயிற்றில் மெல்லிசாக ஓர் இழுப்பும் தெரிந்தது. அவளுக்கு மாதவிலக்கு நாள் நெருங்கியிருந்தது. காலையிலிருந்து இடுப்பு கனமாக இருந்தது போலவும் தோன்றியது. சனியன், இரண்டு நாள் முன்னாலேயே வந்து தொலைக்கிறதா என்று நினைத்துக்கொண்டு அதைக் கழித்துவிட்டாள்.

"வேற எங்கயாவது வலி இருக்காம்மா?" டாக்டர் பழக்கத்தில் கேட்டார்.

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றாள் முப்பிடாதி. பதிவும் அதையேதான் சொன்னது. முழங்காலுக்குத் தைலமும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். ஜெஸ்லின் பட்டையைக் கழற்றிவிட்டுப் போய், ஃபர்ஹானாவின் டிபன் பாக்ஸில் இருந்த பிரியாணியை ஒரு பிடி பிடித்தாள்.

அவளுக்கு உண்மையாகவே மாதவிலக்கு வந்தது இரண்டு நாள் கழித்து. விடிகாலையில் வயிற்றைச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தபோதுதான் நினைப்பு அங்கே போனது. அவளுடைய வலி முதுகில் ஆரம்பித்துத் தொடைவரை இறங்கும். சோற்றைக் கண்டாலே குமட்டும். அன்றைக்கு வந்தது இடப் பக்கம் ஒரே இடத்தில் நின்றது. உள்ளே ஏதோ கனமாகத் தொங்கி இழுத்தது. பட்டையைக் கழற்றியதும் அந்த வலி போய்விட்டது. அவள் பிரியாணி சாப்பிட்டாள். தன் வலி என்றால் ஒரு வாய்கூட இறங்கியிருக்காது.

அது அவளுடையது இல்லை. முப்பிடாதியின் வலியைத்தான் அவள் தன்னுடையது என்று கழித்திருக்கிறாள். ஜெஸ்லின் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் ஃபர்ஹானா முதலில் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்லக்கா."

"சொல்லாத. சொன்னா நீ வலியோட ரேகை வச்சது தெரிஞ்சிரும். இதுவரைக்கும் எழுதுன அத்தனை மணிநேரமும் ரத்து. அப்புறம் எல்லாப் பொம்பளப் பிள்ளைகளையும் பிடிச்சு விசாரிப்பாங்க. எனக்கு இந்த வருஷம்தான்டி கடைசி சான்ஸ். அடுத்த வருஷம் வீட்ல கல்யாணம் பண்ணி வச்சிருவாங்க." அவள் கண் கலங்கியது. "அந்த அக்காவை நீயே போய்ப் பார்த்து, இன்னொரு தடவை வரச் சொல்லு. வந்தாங்கன்னா நான் எழுதுதேன். முழுசா எழுதுதேன். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலமே ஜெஸ்லின் பாளையங்கோட்டையில் முப்பிடாதி வேன் ஓட்டுகிற பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். மஞ்சள் வேனில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதி ஒருத்தியின் ஷூ லேஸைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள். நிமிரும்போது இடது கை தானாக இடுப்புக்குக் கீழே போய் அழுத்தியதை ஜெஸ்லின் பார்த்தாள்.

"எம்மா, நம்ம ஆஸ்பத்திரி பிள்ளைல்லா! இங்க எங்க?"

"அக்கா, உங்களுக்கு அடிவயித்துல இடப் பக்கம் வலி இருக்கா?"

முப்பிடாதியின் சிரிப்பு ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி வந்தது. "ஒண்ணுமில்ல பிள்ள. வயசானா அங்கங்க பிடிக்கத்தான் செய்யும்."

"ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போங்கக்கா."

"லீவு போட்டா இந்தக் குட்டிச்சாத்தான்களை யாரு வீட்ல கொண்டு விடுவா? இப்பத்தான வந்துட்டுப் போனேன். முழங்கால் தேவலை." அவள் ஜெஸ்லினின் கன்னத்தைத் தட்டினாள். "மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கிடக்கு? ஒழுங்கா சாப்பிடு." வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் கூப்பிட்டால் தவிர அவள் வரமாட்டாள். காரணம் சொல்லாமல் டாக்டரும் கூப்பிடமாட்டார். காரணத்தைச் சொன்னால் மெடிக்கல் சீட் போய்விடும். வீடு போகிற வழியெல்லாம் ஜெஸ்லின் வேறு வழி தேடினாள். தேடத் தேட, வேனுக்குப் பக்கத்தில் இடுப்பை அழுத்திய அந்தக் கைதான் கண்ணுக்குள் வந்தது. அந்த வலி எப்படி இருக்கும் என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி சொல்லமாட்டேன் என்கிறாள். மற்றவளும் சொல்லாவிட்டால்?

மறுநாள் காலை அவள் ரேகை வைக்கவில்லை. நேரே டாக்டர் அறைக்குப் போனாள். ஃபர்ஹானாவின் பெயரையோ மற்ற பெண்களையோ இழுக்காமல், தன்னைப் பற்றி மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் உமையொருபாகன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேட்டது வேறு.

"மாசாமாசம் இப்படித்தான் பண்ணுதீங்களா எல்லாரும்?"

ஜெஸ்லின் பேசாமல் நின்றாள். அந்த மௌனத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கும் ரெண்டு மக. எத்தனையோ பிள்ளைகளை வேலைக்கு எடுத்திருக்கேன். ஒரு நாள்கூட இது எனக்குத் தோணல பாத்தியா" என்றார். பிறகு கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "நீ சொன்னதை மேல அனுப்பாம இருக்க முடியாதும்மா. உன் மணிநேரம் எல்லாம் போயிரும்."

"தெரியும் சார். அந்த அக்காவைக் கூப்பிடுங்க."

அன்று மத்தியானமே முப்பிடாதி வந்துவிட்டாள். டாக்டரே போன் செய்தால் யார்தான் வராமல் இருப்பார்கள்? பட்டையைத் தொட ஜெஸ்லினுக்கு இப்போது அனுமதி இல்லை, சுவரோரமாக நின்றாள். முகிலன் என்கிற எழுத்தர் உட்கார்ந்தான். நல்ல பையன், நிதானமானவன். கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் காத்திருந்தான்.

"முழங்கால்ல லேசா இருக்கு சார். வயித்துல ஒண்ணுமே இல்ல."

"நல்லாப் பாரு."

"பார்த்துட்டேன் சார். சுத்தமா இல்ல."

ஜெஸ்லின் முப்பிடாதியின் இடுப்பையே பார்த்தாள். அப்படியென்றால் அன்றைக்கு வலித்தது யாருக்கு? தன் வலியேதானா? வேண்டாத குழப்பத்தில் கையிலிருந்த எதிர்காலத்தை அவளாகவே தூக்கிப் போட்டுவிட்டாளா? டாக்டர் அவளைப் பார்த்தார். பதிவில் இல்லாத வலிக்கு அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. முகிலன் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனான்.

"பிள்ள ஏன் அழுது?" என்று முப்பிடாதி கேட்டாள். எழுந்து ஜெஸ்லினுக்குப் பக்கத்தில் வந்தாள். "என்ன ஆச்சு டாக்டர்?"

டாக்டர் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். "உங்களுக்கு வயித்துல வலி இருக்குன்னு இந்தப் பொண்ணு சொல்லுது. அதைச் சொல்லப்போய் தான் விதியை மீறினதையும் சொல்ல வேண்டியதாப் போச்சு. அதனால இவளுக்கு மெடிக்கல் சீட் இந்த வருஷம் கிடைக்காது. ஆனா பட்டைல ஒண்ணும் இல்ல."

முப்பிடாதி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்படி இருக்கும்? நான் மாத்திரை போட்டுட்டுல்லா வந்தேன்."

"என்ன மாத்திரை?"

"வலி மாத்திரை. ரெண்டு. போன தடவை ஒண்ணுதான் போட்டேன். அதுலயும் பிள்ளைக்குக் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும் போலுக்கு, அதான் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்துட்டான்னு நினைச்சு இன்னைக்கு ரெண்டாப் போட்டேன்." அவள் ஜெஸ்லினைக் கை காட்டினாள். "முழங்கால் பரவால்ல டாக்டர், எல்லாருக்கும் இருக்கிறதுதான். இது வேற மாதிரி. கல்யாணம் ஆகாத சின்னப் பிள்ளைக. பெத்தவங்க பொத்திப் பொத்தி வளர்த்திருப்பாங்க. எதுக்கு என் வலி அதுகளுக்கு? எங்க தெருவுல எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வரும்போது அப்படித்தான் போட்டுட்டு வருவோம்."

டாக்டர் அத்தனை வருடப் பதிவுகளையும் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும், அவர் முகம் அப்படி வெளுத்துப்போனது. ஜெஸ்லினுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவள் தன் வலியைக் கழித்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணோ, அவளுக்காக, வருவதற்கு முன்னாலேயே தன் வலியைக் கழித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"ஸ்கேனை நானே எடுக்கேன்" என்றார் டாக்டர். "காப்பீட்டுக்காரங்ககிட்ட நான் சண்டை போட்டுக்கிடுதேன். ஆனா சண்டைக்குப் போக மிஷின் எழுதுனது போதாது, ஒரு ஆள் கேட்டு எழுதுனது வேணும்." மேஜை இழுப்பறைகளைக் குடைந்து வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து ஜெஸ்லினிடம் நீட்டினார். "எழுதும்மா."

"எனக்கு அனுமதி இல்லையே சார்."

"பட்டை மாட்டி எழுதத்தான் உனக்கு அனுமதி இல்ல. காதால கேட்டு எழுதுறதுக்கு எவன் அனுமதியும் வேண்டாம். ஒரு காலத்துல இந்த வேலையே அப்படித்தான் இருந்துச்சு. மணிநேரம் எதுவும் சேராது, பாத்துக்க."

ஜெஸ்லின் நாற்காலியை இழுத்து முப்பிடாதியின் முன்னால் போட்டுக்கொண்டாள். முப்பிடாதி அவளுடைய வெறும் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இப்ப நான் சொன்னா உனக்கு வலிக்காதுல்ல?"

"வலிக்காதுக்கா. நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

முப்பிடாதி மூச்சை இழுத்து விட்டாள். பழக்கமில்லாத காரியம் என்பதால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் திணறினாள். பிறகு ஜெஸ்லினின் கையைத் தன் இடது இடுப்புக்குக் கீழே, அடிவயிற்றில் கொண்டுபோய் வைத்தாள்.

"இங்க" என்றாள். "சித்திரையில இருந்து."

ஜெஸ்லின் எழுத ஆரம்பித்தாள்.